நாலரை விரல்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே மேலேறும் இருட்டுப் படிக்கட்டில் பஞ்சாட்சரம் ஏறியபோது நல்ல உச்சிவெயில். பேய் வர அமாவாசையும் ஆந்தையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் மே மாத மதியத்தில் வேலூர்த் தெருவைப் பார்த்ததில்லை. நாய்கூட நிழலை விட்டு வராது. அந்த நேரத்தில் உலாவுகிறவர்கள் இரண்டே வகை: செத்தவர்கள், சேல்ஸ் ஆட்கள்.

மாடியில் ஃபைஸானின் கடை. கம்பெனிகள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களைத் துடைத்து, உள்ளே சில உறுப்புகளை மாற்றி, 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கிற இடம். ரிட்டயரானவரைக் 'கன்சல்டன்ட்' என்று அழைப்பதைப் போன்ற மரியாதை அது.

"வாங்க சார். இன்னா மாதிரி பாக்கறீங்க?"

"வீட்ல ஆபீஸ் செட்டப் பண்றேன், பாய். எக்ஸிக்யூட்டிவ் லெவல்ல இருக்கணும். ஆனா மேசை மேல எடம் அடைக்கக் கூடாது."

"அப்போ மினிதான் சார். டிபன் டப்பா சைஸு, வேலை யானை மாதிரி செய்யும்."

பஞ்சாட்சரம் ஆம்பூரில் ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சன்டைசர், அதாவது சாம்பிளும் ஆர்டரும் பார்க்கிறவர். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பதவி பெரிய எழுத்தில் இருக்கும். வலது கை மோதிர விரலில் சதுரமாக ஒரு புஷ்பராகம்; மோதிரம் தளர்ந்து கல் எப்போதும் உள்ளங்கைப் பக்கம் திரும்பிக் கிடக்கும். பதவி உயர்வுக்குக் குருவின் பார்வை வேண்டும் என்று ஜோசியர் போடச் சொன்னது. குரு ஏனோ இத்தனை வருஷமும் பக்கத்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசை சம்பத்துடையது. ஷூ வாங்குகிற ஜெர்மன் கம்பெனியின் ஆர்டர் முழுக்க சம்பத் கையில். ஆபீசிலேயே ஒரே வடக்கு ஜன்னலும் அவருடையதுதான். தோலின் நிறத்தை வடக்கு வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். நேர்வெயிலும் டியூப்லைட்டும் பழுப்பைச் சிவப்பு என்று சாட்சி சொல்லும். சம்பத் இடது உள்ளங்கையைத் தன் சின்னக் கம்ப்யூட்டரின் தலையில் பூனையைத் தடவுவதுபோல வைத்துக்கொண்டு, மற்ற கையால் தோல் துண்டை ஜன்னலில் காட்டி, "ஆகட்டும்" என்பார். ஜெர்மனியிலும் அதே ஷேடு, அதே நிறம், பாஸ் ஆகிவிடும். இளவயதில் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில் மெஷினுக்குக் கொடுத்துவிட்டதால் அந்த இடது கையில் மோதிர விரல் பாதிதான். நாலரை விரல்காரர் என்றே பெயர்.

போன கோடையில் சம்பத் அந்த நாற்காலியிலேயே மாரடைப்பில் போனார். மாலை போட்டுவிட்டுத் திரும்பிய பஞ்சாட்சரம் முதல் வேலையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்து பார்த்தார். அது அவருக்கு வருவதற்குள் கம்பெனி அந்த மாடியையே தையல் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு, ஆபீஸ்காரர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர்கள் மொத்தமாகப் பழைய சாமானுக்குப் போயின. ஜெர்மன் ஆர்டர் யாருக்கு என்று கேட்டபோது எம்.டி., "நீங்களும் கவிப்ரியாவும் இந்த சீசன் பண்ணுங்க. யார் ஷேடு முதல்ல பாஸ் ஆகுதோ, இனிமே அவங்கதான்" என்றார்.

கவிப்ரியா சம்பத்திடம் தொழில் கற்ற பெண். பஞ்சாட்சரத்தின் சர்வீஸ் அளவுக்குக்கூட அவளுக்கு வயது கிடையாது.

ஃபைஸானின் அலமாரிக் கோடியில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்டதும் பஞ்சாட்சரம் நின்றார். மேசையில் கீறல் விழாமல் இருக்க அதன் அடிப்பக்க நாலு மூலையிலும் வட்டமாக வெட்டிய பழுப்புத் தோல் ஒட்டியிருந்தது. தலையில் கை பட்டுப் பட்டு மழமழத்த ஒரு இடம்.

சம்பத்தின் சிஸ்டம்.

தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது.

"இப்பதான் ஆஃப் பண்ணீங்களா, பாய்?"

ஃபைஸான் தாடியைச் சொறிந்தான். "அதுக்கு இன்னும் கரன்ட்டே குடுக்கல சார். வந்ததுல இருந்து அப்படித்தான். சூடு கொஞ்சம் ஜாஸ்தி. வேற தரட்டுமா?"

"இதான் வேணும்."

நாற்காலி கிடைக்காதவருக்கு நாற்காலிக்காரரின் பெட்டியாவது கிடைத்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டே காட்பாடிக்குப் பஸ் ஏறினார். இறங்கும்போது வேட்டி நனைந்திருந்தது. வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டில் பழைய சாமான் போட்டிருந்த, ஜன்னலே இல்லாத அறைதான் 'ஹோம் ஆபீஸ்' ஆகியிருந்தது. கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை. மனைவி சங்கீதா பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"புதுசா?"

"பிராண்ட் நியூ."

"புதுசுக்கு ஏங்க கிராம்பு வாசனை?"

பஞ்சாட்சரம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சம்பத் நாள் முழுக்க கிராம்பு மெல்லுவார்.

பெட்டியைப் போட்டதும் உள்ளே விசிறி மெல்லச் சுழன்றது. பின்பக்கத் துளைகளிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. கிராம்பும் பதப்படுத்திய தோலும் கலந்த காற்று. ஒருவர் குனிந்து தோளுக்கு மேலாகப் படிக்கும்போது காதில் படுகிற மாதிரியான காற்று.

அடுத்த நாள் கம்பெனி வேன் டேனரியிலிருந்து முதல் சாம்பிளைக் கொண்டுவந்தது. புத்தக அட்டை அளவில் இளம்பழுப்புத் தோல். மேலே பெயின்ட் பூசாத, கை வியர்வை பட்டாலே கறுத்துப்போகிற ரகம். பஞ்சாட்சரம் ஓரத்தை மட்டும் பிடித்து டியூப்லைட்டில் பார்த்தார். "ஆகட்டும்" என்று சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் கனமான குரலில் இன்னொரு முறை சொன்னார். துண்டைப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது தோலின் நடுவில் கறுப்பாக ஒரு உள்ளங்கை.

"சங்கீதா! யார் கை வெச்சது?"

"உங்க எக்ஸிக்யூட்டிவ் லெவலுக்குள்ள நான் எதுக்கு வர்றேன்? துடைப்பம் எடுத்துட்டு வந்தாக்கூட விசிட்டிங் கார்டு கேப்பீங்க."

இரண்டாவது சாம்பிள் வந்தது. அதை வெளிச்சம் புகாத கறுப்புக் கவரில் போட்டு, மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சாயந்திரம் ஜெர்மனிக்கான பார்சலை எடுக்கக் கூரியர் ஆள் வந்து வாசலில் நிற்கும்போது பிரித்தார்.

உள்ளங்கை இருந்தது. இந்தத் தடவை இன்னும் தெளிவாக. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல்.

மோதிர விரல் பாதி.

கூரியர் ஆள், "சார், பார்சல்?" என்றான்.

"இன்னைக்கு இல்லப்பா."

மூன்றாவதை அவர் கையை விட்டு எங்கும் வைக்கவில்லை. இரண்டு விரல் நுனியில் ஓரத்தைப் பிடித்தபடி அறையின் நடுவில் நின்றார். வெளியே வெயில் வெளுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. அதைவிடச் சாதாரணமாக ஒரு மதியம் இருக்க முடியாது.

கம்ப்யூட்டரை அவர் அன்று போடவே இல்லை. விசிறி சுழல ஆரம்பித்தது.

கிராம்பு வாசனை.

தோலின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல.

பிறகு ஆள்காட்டி விரல்.

நடுவிரல்.

பாதி விரல்.

அவசரமே இல்லாமல், பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போடுவதுபோல, சுண்டுவிரல்.

மிக்ஸி நின்றது. "சம்பத்து," என்று கிசுகிசுத்தார் பஞ்சாட்சரம். "விட்டுடு சம்பத்து. நீதான் போய்ட்டியே. எனக்கு ஒரு சான்ஸ் குடேன்."

அவருடைய தோளில் வெதுவெதுப்பாக ஒரு பாரம் அமர்ந்தது. எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினார். நாலரை.

மற்றவர்களாக இருந்தால் மந்திரிக்கிறவரைத் தேடியிருப்பார்கள். பஞ்சாட்சரம் நிர்வாகத்தில் ஊறியவர். பிரச்சினையைத் தீர்க்க மாட்டார். அடுத்த டிபார்ட்மென்டுக்கு அனுப்புவார். கவிப்ரியாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, உன் தம்பி லேப்டாப்லதான் வேலை பாக்கறியாமே? எங்கிட்ட ஒரு சிஸ்டம் எக்ஸ்ட்ரா இருக்கு. வெச்சுக்கோ. சும்மாதான் தர்றேன்."

"ஐயோ, எதுக்கு சார்..."

"நம்ம டீம் தானேம்மா."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சங்கீதா வெளியே வந்தாள். "ஏங்க, நீங்க இதுவரைக்கும் யாருக்காவது ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கீங்களா? அந்தப் பொண்ணுக்கு இன்னா குழி தோண்டறீங்க?"

பெட்டி கம்பெனி வேனில் வாலாஜாபேட்டையில் கவிப்ரியாவின் வீட்டுக்குப் போயிற்று. அறையில் கிராம்பு வாசனை விட்டது. பஞ்சாட்சரம் ஃபைஸானிடம் வேறொரு மினி வாங்கி அதே இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இடத்தில் வைக்கத் துணிவில்லை. அங்கே பழைய பெட்டியின் நாலு வட்டத் தடம் மட்டும் இருந்தது. இனி கவிப்ரியாவின் சாம்பிள்கள் கெட வேண்டியதுதான் பாக்கி. அவள் அலறிக்கொண்டு போன் செய்யும்போது என்ன ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தார்.

அவள் போன் செய்தாள். அலறவில்லை.

"சார், இது சம்பத் சாரோட சிஸ்டம் சார்! பிரிச்ச உடனே கிராம்பு வாசனை. அழுகையே வந்துடுச்சு. உங்களுக்குத் தெரியாமயா குடுத்திருப்பீங்க? ரொம்ப பெரிய மனசு சார்."

"எங்க வெச்சிருக்க?" என்றார் பஞ்சாட்சரம்.

"ஹால்ல வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்கு சார். அங்கதான். சார் அந்த வெளிச்சத்துல தானே பாப்பாரு. நான் சாம்பிள காட்டி, 'சார், ஓகேவா'ன்னு கேக்கறேன். ஷேடு தப்பா இருந்தா ஃபேன் சத்தம் ஜாஸ்தி ஆகுது. சரியா இருந்தா நின்னுடுது." அவள் வெட்கமாகச் சிரித்தாள். "பைத்தியம்னு நினைக்காதீங்க சார்."

அந்த வாரமே அவள் ஷேடு பாஸ் ஆயிற்று. ஜெர்மனியிலிருந்து பாராட்டு. எம்.டி. அதைக் கம்பெனி குரூப்பில் போட்டார். ஒவ்வொருவராகக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். பஞ்சாட்சரமும் மோதிரக் கையால் உயர்த்தினார்.

பயம் போன இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்தது. எனக்கு வந்தால் கறை, அவளுக்கு வந்தால் ஆசீர்வாதமா? செத்த பிறகும் ஆள் பார்த்து நடக்கிறானா? ஒரு பேய்கூடத் தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. பகல் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து வாலாஜாபேட்டையையே நினைத்தார். அவர் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. ஆனால் ஹால் தெரிந்தது. ஜன்னல் கம்பியில் காயும் துவாலை தெரிந்தது. பெட்டியும் அதன் முன் குனிந்த அவள் பின்னந்தலையும் தெரிந்தன. நினைக்க நினைக்க அவருடைய வலது உள்ளங்கை தானாக மேசையில் அந்த நாலு வட்டத் தடத்தின் நடுவே போய் அமர்ந்தது.

அமர்ந்து, அழுத்தியது.

"ஏங்க," என்றாள் சங்கீதா வாசலில் நின்று. "காத்தைப் புடிச்சு அமுக்கறீங்களே, இன்னா ஆச்சு? உள்ளங்கைல இன்னா கறை?"

பார்த்தார். உள்ளங்கை பழுப்பாக இருந்தது. தோலுக்கு ஏற்றும் சாயம் மாதிரி. சோப்பு போட்டார், மண்ணெண்ணெய் போட்டார். போகவில்லை. அவர் தொட்டு மாதக்கணக்காகிறது சாயத்தை.

மதியம் போன் அடித்தது. கவிப்ரியா. குரல் அடங்கியிருந்தது.

"சார்... அடுத்த ஆர்டர் சாம்பிள்ல ஒரு கை விழுந்திருக்கு சார்."

அத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் அவர் நெஞ்சில் எழும்பியது. "அடடா. சம்பத்தா?"

"சம்பத் சார் கை எனக்குத் தெரியாதா? இது முழு அஞ்சு விரல். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தார். வலது கை. மோதிர விரலின் அடியில் ஆழமாக, சதுரமாக ஒரு பள்ளம்.

"கிராம்பு வாசனையும் போயிடுச்சு சார்." அவள் இப்போது கிசுகிசுத்தாள். "ஃபேன் நின்னே போச்சு. யாரோ எனக்குப் பின்னாடி நிக்கற மாதிரி இருக்கு. நீங்க போட்டுக்கற சென்ட்டு வாசனை வருது. நீங்க எங்க சார் இருக்கீங்க?"

"வீட்ல. காட்பாடில."

ஜன்னல் இல்லாத அந்த அறையில், மேசையின் மேல், பளீரென்று இல்லாமல் பால்போல ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. வடக்கிலிருந்து வருகிற வெளிச்சம். போன் இடது கையில் இருந்தது. வலது கை மேசையின் காலியிடத்தில் இருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது இளஞ்சூடாக, மழமழப்பாக இருந்தது.

போனில் அவள் மூச்சு வாங்கியது. அதே மூச்சு அவருக்கு மிக அருகில், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது.

"சார்," என்றாள். "உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். கையை எடுங்க சார்."

எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.