பெட்டிக்குள் இளைப்பு

ஒயரைப் பிடுங்கிய பிறகும் கம்ப்யூட்டர் பெட்டியின் இளைப்பு நிற்கவில்லை. சூடு தணிகிற சத்தமாக இருக்கும் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பட்டப்பகல், ஜன்னல் நிறைய வெயில், இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா?

மகள் பிறந்த வாரம் கணவன் வாங்கி வந்த பெட்டி அது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் திறந்து தூசி தட்டியதில்லை. காலையில் அதற்கும் ஒரு சண்டை.

"புள்ளைக்கு மூச்சு விட முடியலங்க. வீடு பூரா அதுலேருந்து வர்ற தூசிதான்."

"ஓடுற மெஷின்ல கை வைக்காதேன்னு எத்தனை தடவைடி சொல்றது? நீ தொட்ட எது உருப்பட்டிருக்கு?"

கதவை அறைந்துவிட்டு வேலைக்குப் போனான். போகட்டும், வந்து கத்தட்டும். மகளின் மூச்சைவிட இந்தத் தகர டப்பா பெரிதா? அடுத்த அறையில் இளைத்தபடி தூங்கும் மகளை எட்டிப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

பக்கத் தகடு கழன்றதும், மகளின் தலையணையில் அடிக்கும் அதே வேர்வையும் தைலமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே எங்கும் சாம்பல் நிறத் தூசி, பழைய கம்பளியைப்போல் அப்பிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நடுவில் சின்ன விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் காற்றுதான் என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். விசிறி நிற்கவில்லை.

ரிப்பேர்காரர் போனில் சொல்லியிருந்தார்: "பிரஷ் போடுறப்ப ஃபேனைச் சுத்த விடாதீங்கம்மா. விரலால அழுத்திப் பிடிச்சுக்கோங்க."

பிடித்தாள். விசிறி நின்றது.

அடுத்த அறையில் இளைப்பும் நின்றது.

அப்பாடா, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துத் தூசியை வழித்தெடுத்தாள். பிறகுதான் உறைத்தது. இளைப்பு மட்டுமல்ல, மூச்சே கேட்கவில்லை. கட்டில் தடதடவென்று அதிர்ந்தது. விரலை எடுத்தாள். விசிறி சுற்றியது. மகள் நீளமாக மூச்சை இழுத்தாள்.

ஓடிப்போய் மகளை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"ஏம்மா என் மூக்கைப் பிடிச்சே?"

மகளைப் படுக்க வைத்துவிட்டுப் பெட்டியிடம் ஓடினாள்.

மாலைவரை பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விசிறியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்று. சுற்று. நின்றுவிடாதே.

கணவன் வந்தான். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"சொல்லச் சொல்லத் திறந்துட்டே, இல்ல?"

"தொடாதீங்க. உங்க கால்ல விழறேன். அது ஓடட்டும்."

"காலைல நான் இதைத்தானே சொன்னேன்? அப்ப காது அடைச்சிருந்துதா?" குனிந்தான். தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தான். "கரண்டே இல்லாம எப்படிடி சுத்துது?"

"என்னங்க, வேணாம்..."

அவள் பாய்வதற்குள் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே சொருகிவிட்டான். படக். விசிறியின் ஓர் இதழ் முறிந்து தரையில் விழுந்தது.

சத்தம் இல்லை. எந்த அறையிலும் இல்லை.

அவள் திரும்பினாள். வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் நெஞ்சில். வாய் அகலத் திறந்திருந்தது.

வாய்க்குள், பல் மறையும்வரை, சாம்பல் நிறத் தூசி.