ஜூபியின் சொந்தக்காரர்கள்

சிம்ரனின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது. அங்கே கணக்கு ஒன்றும் இல்லை. கார்கள்தான் இருந்தன. அதுவும் ஒரே வகைக் கார்கள்!

சிம்ரனின் அம்மா சுதா, அம்பத்தூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பச்சை நம்பர் பலகையும் உருண்டை விளக்குகளும் உள்ள மின்சாரக் கார். அந்த மாடலுக்கு ஜூபி என்று பெயர். எதிரே இன்னொரு ஜூபி வந்துவிட்டால் போதும், அம்மா ஹாரன் அடிப்பார்.

"நம்ம சொந்தக்காரங்கடி, டாட்டா காட்டு!"

சிம்ரன் கையை ஆட்டுவாள். பிறகு நோட்டில் எழுதிக்கொள்வாள். சொந்தக்காரர்களை மறந்துவிடலாமா?

'நீலம். வெள்ளிக்கிழமை. மாங்காடு அம்மன் கோயில் பக்கம். பின்னால் கீறல்.'

'வெள்ளை. குத்தம்பாக்கம் பஸ் நிலையம். உள்ளே கரடி பொம்மை.'

'சிவப்பு. ஆவடி குடியிருப்பு. சக்கர மூடி ஒன்று மட்டும் கறுப்பு.'

ஒரு திங்கட்கிழமை ஜூபிக்குச் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜ் ஒயரை வண்டியில் செருகினால், உள்ளே ஒரு சின்னக் கொக்கி அதைக் கவ்விக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மின்சாரம் உள்ளே போகும். சுண்டுவிரல் நகம் அளவுள்ள அந்தக் கொக்கி உடைந்துபோயிருந்தது.

சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். "இந்த மாடலை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சும்மா. ஸ்பேர் பார்ட்ஸ் வர்றதில்ல. வேற வண்டி பாருங்க."

அம்மா வீட்டுக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "பேட்டரி நல்லா கீது. மோட்டார் நல்லா கீது. இத்தினியூண்டு துண்டுக்காக வண்டியைக் காயலாங்கடையில போடணுமாம்! வண்டி இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

சிம்ரனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் உடைந்த கொக்கியோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனார்கள். அங்கே துலுக்கானம் என்பவர் பட்டறை வைத்திருந்தார். நைலான் கட்டையைக் கொடுத்தால் அவருடைய மெஷின் எந்தப் பாகத்தையும் கடைந்து தந்துவிடும்.

துலுக்கானம் கொக்கியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "செஞ்சிடலாம் தங்கச்சி. ஆனா ஒரு பீசுக்காக மெஷினை செட் பண்ணா, நாள் பூரா அதுக்கே பூடும். பத்துப் பீசுக்கு ஆள் கீதுன்னா சொல்லு, உடனே ஓட்டிடறேன்."

"பத்து ஜூபிக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்றார் அம்மா.

சிம்ரன் பையைத் திறந்தாள். "மா, நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே!"

கடைசிப் பக்கம் வெளியே வந்தது. "கணக்கு போட வாங்கிக் குடுத்தா, இன்னாடி எழுதி வச்சிகினு கீற?" என்று திட்ட ஆரம்பித்த அம்மா, பாதியில் நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்பது வண்டிகள். தன்னுடையதோடு சேர்த்தால் பத்து!

சிம்ரன் ஒன்பது சீட்டுகள் எழுதினாள். 'வணக்கம். எங்கள் ஜூபியின் சார்ஜ் கொக்கி உடைந்துவிட்டது. உங்களுடையதும் ஒருநாள் உடையலாம். கடையில் கிடைக்காது. நாம் சேர்ந்து செய்துகொள்வோமா?' கீழே அம்மாவின் போன் நம்பர்.

இருவரும் ஒரு வாரம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார்கள். மாங்காட்டில் நீல வண்டி கிடைத்தது. குத்தம்பாக்கத்தில் கரடி பொம்மை வண்டியின் வைப்பரில் சிம்ரன் சீட்டைச் செருகியதும் ஒருவர் தலைதெறிக்க ஓடிவந்தார். "ஃபைன் போட்டுட்டாங்களா பாப்பா?" என்று பதறினார். சீட்டைப் படித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

எட்டுப் பேர் சரி என்றார்கள். ஆவடியின் சிவப்பு வண்டியைத்தான் காணவில்லை. குடியிருப்பை இரண்டு முறை சுற்றியாயிற்று.

"வுட்டுடு கண்ணு. வித்துட்டிருப்பாங்க," என்றார் அம்மா.

சிம்ரன் சட்டென்று நின்றாள். மரத்தடியில் தார்ப்பாய் மூடிய கார் ஒன்று நின்றது. சக்கரங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு மூடி வெள்ளி நிறம். ஓடிப்போய் அடுத்த சக்கரத்தைப் பார்த்தாள். கறுப்பு!

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். காரின் சொந்தக்காரர் ராகவன் வந்தார். "அது ஓடாதும்மா. ரெண்டு மாசமா நிக்குது. நாளைக்குக் காயலாங்கடையில இருந்து வர்றாங்க."

"சார்ஜ் ஒயரைக் கவ்வுற கொக்கி உடைஞ்சிடுச்சா அங்கிள்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

சிம்ரன் சீட்டை நீட்டினாள். ராகவன் அதை இரண்டு முறை படித்தார். "எனக்கு ரெண்டு கொக்கி வேணும்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் பத்து ஜூபிகள் வரிசையாக நின்றன. ராகவனின் வண்டியும் அம்மாவின் வண்டியும் மட்டும் ஆளுக்கொரு குட்டி லாரியில் சவாரி வந்திருந்தன.

துலுக்கானம் புதுக் கொக்கியைப் பொருத்தினார். அம்மா ஒயரைச் செருகினார். 'டிக்!' பச்சை விளக்கு எரிந்தது. அம்மா சிம்ரனைத் தூக்கியே விட்டார். மற்ற ஒன்பது வண்டிக்காரர்களும் கைதட்டினார்கள். சிம்ரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

துலுக்கானம் கொக்கியின் வரைபடத்தை எடுத்தார். "அடுத்த தபா செய்யணும்னா தேடி எடுக்க ஒரு பேர் வேணுமே. இன்னா எழுதட்டும்?"

"சிம்ரன் கொக்கினு எழுதுண்ணே!" என்றார் அம்மா, யாரையும் முந்தவிடாமல்.

மூன்று மாதம் கழித்து அம்மாவின் போன் அடித்தது. பூந்தமல்லியிலிருந்து யாரோ ஒருவர்.

"ஜூபி வண்டிக்கு சிம்ரன் கொக்கினு ஒண்ணு கிடைக்குதாமே?"

"இருங்க, சிம்ரன்கிட்டயே குடுக்கறேன்!" என்றார் அம்மா.

சிம்ரன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"கிடைக்கும் அங்கிள். மொதல்ல உங்க வண்டி இன்னா கலர்னு சொல்லுங்க!"