திரும்பி வர்ற போட்ட எவன் பாப்பான்?

“ராத்திரிக்கு மீன்கொழம்பு வைக்கவா, இல்ல செத்துருவியளா?” என்று அடுக்களையிலிருந்து செலஸ்டி கேட்டாள்.

“வச்சிரு. இன்னைக்கு உசுரோடதான் வருவேன்” என்றான் கஸ்பார்.

“போன ஞாயித்துக்கெழமையும் இதத்தான் சொன்னிய. கொழம்பு வீணாப் போச்சு.”

வியாழனின் நிலவொன்றில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்த புதுக்கொற்கையில் எல்லா மனைவிகளும் கேட்கிற கேள்விதான் இது. அங்கே சாவு என்பது இரண்டு நாள் விடுப்பு. சனிக்கிழமைதோறும் மருத்துவமனையில் மூளையை நகலெடுத்து ‘நினைவுப்படி’யாக வைத்துவிடுவார்கள். ஞாயிறு செத்தால், மறுவுடல் தொட்டியில் புது உடம்பு வளர்த்து, படியை அதில் ஏற்றி, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஆண்கள் பொழுதுபோக்குக்குச் செத்தார்கள். சிலர் பாறையிலிருந்து குதித்தார்கள். கஸ்பார் குறுநீர்மூழ்கி மன்றத்தில் சேர்ந்தான்.

பூமியின் பழைய உலகப்போரில் ஓடிய இரண்டு ஆள் நீர்மூழ்கிகளை ஆராய்ந்து, ஆணி பிசகாமல் திரும்பக் கட்டுவது மன்றத்தின் வேலை. கட்டியதை உப்புக்குளத்தில் இறக்கி, அன்று நடந்தபடியே சண்டை போடுவார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. சாவு வரலாற்றோடு ஒத்துப்போகாவிட்டால் அதிலும் குறைப்பார்கள்.

செலஸ்டிக்கு ஒன்று தெரியாது. முந்தின நாள் மருத்துவர் கஸ்பாரைத் தனியே கூப்பிட்டு, “இனிமே ஒங்க மூளையில படி பிடிக்காது. பழைய படியும் கெட்டுப்போச்சு. இந்த ஒடம்போட சரி” என்று சொல்லியிருந்தார். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வருடக்கணக்காக அடித்து வளைத்த இரும்பைக் கைவிடவும் மனம் வரவில்லை. தவிர, பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பழைய துறைமுகத்துக்குள் அன்று இரண்டு படகுகள் போயின. ஒன்று தடுப்புவலையில் சிக்கி அழிந்தது. மற்றது திரும்பி வந்தது. கஸ்பாரும் அவன் கூட்டாளி தொம்மையும் ஓட்டப்போவது திரும்பி வந்த படகை.

படகுக்குள்ளே, முன்னால் தொம்மை சுக்கான் பிடித்தான். பின்னால் கஸ்பாரின் முழங்கால் அவன் முதுகில் இடித்தது. மேலிருந்து போட்ட முதல் ஆழ்வெடி வெடித்ததும் விளக்குகள் சிதறின. இரண்டாவதில் கஸ்பாரின் நெற்றி குழாயில் மோதிப் பிளந்தது. தொம்மையின் காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அவன் சிரித்தான்.

மூன்றாவது வெடி அடுத்த படகைத் தகர டப்பாவைப்போல நசுக்கியது. பார்வைக் கண்ணாடியைத் தாண்டி ஒரு கை மட்டும் மிதந்து போயிற்று. கரையில் கைதட்டல்.

தொம்மை சுக்கானைத் திருப்பினான்.

“எலேய், எங்கல திருப்புத? வெளிவாசல் இந்தப் பக்கம்லா!”

“அவனுவ சொதப்பிட்டானுவ மக்கா. வலையில சாவ ஆளில்ல. நாம போவோம்.”

“வேண்டாம்ல! நாம திரும்பி வார போட்டு!”

“திரும்பி வர்ற போட்ட எவன்ல பாப்பான்?”

வலை இரும்பைக் கவ்வியது. படகின் ஓட்டில் ஒரு விளிம்பு கிழிந்தது. உப்புநீர் பீறிட்டு மின்கலங்களில் இறங்கியது. அமிலமும் உப்பும் சேர்ந்து குளோரின் கிளம்பியது. கஸ்பாரின் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவினாற்போல எரிந்தது. தொண்டை உரிந்தது. எழும்பி மேல்மூடியைத் தள்ளினான். வெளியே நின்ற தண்ணீர் அதை அசையவிடவில்லை. பிறாண்டினான்.

அவன் விரல்கள் ஏற்கெனவே இருந்த பள்ளங்களுக்குள் இறங்கின.

பிழைத்த படகின் படம் எங்கும் கிடைக்காததால், வலையிலிருந்து மீட்ட படகின் படத்தைப் பார்த்தே இரண்டையும் கட்டியிருந்தார்கள். அந்த மூடியின் உட்பக்கம் சில கீறல்கள். உளியின் தடமா, வண்ணம் உரிந்ததா என்று மன்றத்தில் ஒரு வருடம் சண்டை. கடைசியில் கஸ்பாரேதான் ராவி ராவிச் செதுக்கினான். இப்போது அவன் நகங்கள் அவற்றில் அளவெடுத்ததுபோலப் பொருந்தின. இப்படிப் பிறாண்டியவனுக்குச் செவ்வாய்க்கிழமை இல்லை என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

“வால்வத் தொறல! தண்ணி நெறஞ்சாத்தான் மூடி தொறக்கும்!”

தொம்மை வால்வின்மேல் சாய்ந்துகொண்டான். இருமலோடு ரத்தம் தெறித்தது. “அசல்ல வால்வு இறுகிப்போச்சுல்லா. நாம தொறந்தா மார்க்கு போயிரும்.”

“எனக்குப் படி இல்லல! இதுதான் கடைசி உசுரு!”

“நல்லா இருக்கு. இன்னும் சத்தமாச் சொல்லு, கரையில கேக்கும்.”

கஸ்பார் ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. “சவத்து மூதி” என்று தொம்மை அவன் கழுத்தைப் பிடித்தான். இரண்டாவது அடியில் பற்கள் கொட்டின. பிடி விடவில்லை. மூன்றாவது நெற்றிப்பொட்டில் விழுந்தபோது சத்தமே மாறியது. நண்பனின் உடம்பைப் புரட்டித் தள்ளிவிட்டு வால்வைத் திறந்தான் கஸ்பார். தண்ணீர் தலைக்கு மேல் ஏறியது. மூடி திறந்தது. கரையேறி, நகமில்லாத விரல்களை மண்ணில் ஊன்றி வாந்தியெடுத்தான். நடுவர் குனிந்து பார்த்து, “யாருவே ஒம்மள வெளிய வரச் சொன்னா?” என்றார்.

செவ்வாய்க்கிழமை மன்றம் கூடியது. தொம்மை புதுத்தோல் மினுங்க வந்து கஸ்பாரின் தோளில் கைபோட்டான். அவன் நினைவு சனிக்கிழமையோடு சரி.

“என் மண்டைய ஒடச்சிட்டியாமே! உள்ள எடுத்த படம் பாத்தேன், அருமை மக்கா. ஆனா அந்த ஸ்பேனரு அந்தக் காலத்து அளவு இல்லையாம்.”

கஸ்பார் எழுந்தான். குரல் இன்னும் கரகரத்தது. “எல்லாரும் கேளுங்க. அந்தக் காலத்துல அவனுவளுக்கு ஒரு உசுருதான். படியும் கெடையாது, தொட்டியும் கெடையாது. செத்தா செத்ததுதான்.”

கூடம் சிரித்தது. தலைவர் பூபாலராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கஸ்பாரு, ஒத்த உசுரு உள்ளவன இதுக்குள்ள உக்கார வச்சு மூடி அனுப்ப எந்த அரசாங்கம்வே ஒத்துக்கிடும்? காட்டுமிராண்டின்னே வச்சுக்கிடுவோம். அவனுவளும் மனுசம்லா?”

“ஆதாரம் இருக்கு” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் பழைய துறைமுகப் படத்தைத் திரையில் போட்டார். கரையில் நீளநீளமாக மரப்பெட்டிகள். ஒவ்வொன்றின்மேலும் கொடி போர்த்தியிருந்தது. அதிகாரிகள் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்கள்.

“மறுவுடல் தொட்டி! சூடு போகாம துணி போட்டு மூடியிருக்கானுவ” என்றான் தொம்மை. “இந்தா, பக்கத்துல ஒருத்தி நிக்கா பாரு. புருசன் எப்ப எழும்புவாம்னு காத்துக்கிட்டு இருக்கா.”

“அவ அழுவுதாளே” என்றான் கஸ்பார்.

“ரெண்டு நாள்னா அழுவை வராதாக்கும்?”

அடுத்த வருடத்துக்கு அந்தத் தொட்டிகளையே கட்டுவதென்று தீர்மானம் ஆயிற்று. மரம் எது, ஆணி எத்தனை, கொடி எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டிக்குள் ஒரு ஆள் முளைக்க எத்தனை நாள் பிடித்திருக்கும் என்பதில்தான் இன்னும் கருத்து ஒத்துவரவில்லை.