நூலகத்தின் வாலில் ஓர் எண்

வந்தவளின் முழங்கை வரை காய்ந்த ரத்தம். அண்ணனின் தலையை மடியில் ஏந்தியபோது பட்ட ரத்தம். நேற்றிலிருந்து அவள் கழுவவில்லை.

"அண்ணன் போயிட்டார். இப்ப வீட்டுக்காரரையும் ஸ்டேஷன்ல அடிச்சே கொன்னுடுவாங்க. நான்தான் கொன்னேன்னு எழுதித் தரச் சொல்லி அடிக்கிறாங்க."

அவள் தேடி வந்தது அக்காவை. ஊருக்கெல்லாம் துப்பறியும் அக்கா; சின்னவளுக்குக் கூடப்பிறந்த அக்கா. கணினி படித்த சின்னவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

வந்தவளின் அண்ணனும் கணவனும் திறமூல மென்பொருள் எழுதுபவர்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பை நூலகம் என்பார்கள். நேற்று மதியம் மூன்று மணிக்கு அண்ணனின் கணினியிலிருந்து ஒரு புது நூலகம் வெளியானது. மூன்றேகாலுக்கு வந்தவள் அண்ணனின் அறையைத் திறந்தாள். தீயணைப்பு சிலிண்டரால் நான்கு அடி; மண்டை பிளந்து கிடந்தார். கணவன் இரண்டு ஐம்பதிலிருந்து வெளி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முன் அண்ணனைப் பார்க்க வந்த ஒரு கம்பெனி மேலாளர் இரண்டரைக்கே போய்விட்டதை வாசல் கேமரா காட்டியது.

"மூணு மணிக்கு வெளியிட்டார்னா அதுவரைக்கும் உயிரோட இருந்தாராம். அப்ப கொன்னது என் வீட்டுக்காரர்தானாம்."

"மேலாளருக்கு அங்க என்ன வேலை?"

"அவங்க ஆளுங்களும் இதுல உழைச்சாங்க. நூலகத்துக்குக் கம்பெனி பேரை வைக்கணும்னு ஒரு மாசமா மல்லுக்கட்டு. அண்ணன் முடியவே முடியாதுன்னுட்டார்."

சின்னவள் வெளியான பெயரைக் கைபேசியில் தேடிப் படித்தாள். அண்ணன் விரும்பிய பெயர்தான். அதன் வாலில் பதிப்பு எண்: ஒன்று.

"இவங்களோட மத்த நூலகமெல்லாம் முதல்ல வந்தப்ப என்ன எண்?" என்றாள் அக்கா.

சின்னவள் பதினொன்றையும் பார்த்தாள். எல்லாம் பூஜ்யம்.

மறுநாள் காலை, கொலை நடந்த அறை. சுவரில் துடைக்காத தெறிப்பு. இன்ஸ்பெக்டரும் மேலாளரும் வந்தவளும் நின்றிருந்தார்கள்.

"புது நூலகத்துக்கு இங்க பூஜ்யம்தான் போடுவாங்க," என்றாள் அக்கா. "இன்னும் மாறும், நம்பி எதையும் கட்டாதேன்னு அர்த்தம். ஒண்ணு போட்டா, இனிமே மாத்த மாட்டோம்னு வாக்குக் குடுத்த மாதிரி. இந்த விதியை எழுதினதே செத்தவர். அவர் ஒண்ணு போட்டிருக்க மாட்டார்."

"அப்ப மாப்பிள்ளை போட்டிருப்பான்," என்றார் மேலாளர்.

"அவருக்கும் விதி தெரியும். அதோட, மூணு மணி வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னு காட்டினா மாட்டுறது அவர்தான். தப்பிக்கிறது முன்னாடியே போனவர். நேரம் குறிச்சு வச்சா, கணினி தானா வெளியிடும். மேலாளர் சார், உங்க கம்பெனியில புதுச் சரக்கெல்லாம் எந்த எண்ல தொடங்கும்?"

"ஒண்ணு. பூஜ்யம்னா எவன் வாங்குவான்?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"சண்டை பேரைப் பத்தி. அதனால பேரை மட்டும் ஜாக்கிரதையா அவர் இஷ்டப்படி வச்சீங்க. வால்ல கை பழக்கப்படி போயிடுச்சு."

மேலாளர் கணினித் திரையைப் பிடுங்கி எறிந்தார். அது சின்னவளின் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. "மூணு வருஷ உழைப்புடா! பேரைக் கேட்டா சிரிச்சான்!" அக்கா அவர் கையைப் பின்னால் முறுக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதன் பிறகும் அவர் காலால் உதைத்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் ஸ்டேஷன் கதவு திறந்தது. கணவனுக்கு ஒரு கண் மூடியிருந்தது. முன்பல் இரண்டு இல்லை. எங்கே தொட்டால் வலிக்காது என்று மனைவி தேடினாள். கடைசியில் அவன் காதைத் தொட்டாள். அவன் நின்ற இடத்திலேயே அழுதான்.