மணிலாக்காரியின் திருத்தம்

முப்பத்தோராம் வருஷத்து ஐப்பசி மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. நாகவல்லி தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, காரைக்குடியில் பாதி கட்டி நின்ற புது மாளிகைக்குள் ஓடினாள். ஓடியவள் போய் நின்றது... அப்போதுதான் பதித்திருந்த பூக்கல் தரையில்!

நாலு கல் நகர்ந்துவிட்டது. மணிலாவிலிருந்து கல் பதிக்க வந்திருந்த ஸ்பெயின்காரர் ரமீரோ கத்திக்கொண்டே வந்தார். கண்காணி மாயக்கண்ணன் குறுக்கே பாய்ந்தான். கையகல அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக அவரிடம் ஸ்பானிஷ் பேசுகிறவன் அவன்.

‘எங்க ஊர்ப் பெண், விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல நினைத்தான். வாயில் வந்தது, “மி முஹேர்!”

ரமீரோவின் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி அவளை வணங்கிவிட்டுப் போனார்.

நாகவல்லியின் கண்கள்... அப்பப்பா! அத்தனை மழையிலும் அனலாக இருந்தன.

“நான் எப்ப உங்களுக்குப் பொண்டாட்டியானேன்?”

“பொண்டாட்டியா? முஹேர்னா பொண்ணுதானே... புஸ்தகத்துல போட்டுருக்கே!”

“வெறும் முஹேர்னா பொண்ணு. முன்னால ‘மி’ போட்டா பொண்டாட்டி. பன்னெண்டு வயசு வரைக்கும் மணிலாவுல வளந்தவ சொல்றேன். அவர்கிட்டத் திருத்திச் சொல்லிப்புடுங்க.”

அவன் சொல்லவில்லை. தப்பென்று ஒப்புக்கொண்டால் கொத்தனார்கள் சிரிப்பார்களே! முதல் நாள் அதுதான் காரணம். ஆனால் தையல் சொல்லிக்கொடுக்க அவள் அந்த வழியே போகும்போதெல்லாம், “உன் முஹேர் போகிறாள்” என்பார் ரமீரோ. கேட்கக் கேட்க இனித்தது. அப்புறம் எங்கே திருத்துவது...

வெள்ளிக்கிழமை அவளே மாளிகை வாசலில் வந்து நின்றாள்.

“இன்னும் சொல்லலையா? ஊருக்குள்ள பேச்சாயிருச்சு. எங்க அய்யா காதுலயும் விழுந்திருச்சு.”

அவனுக்குச் சுருக்கென்றது. தன் வீம்புக்கு ஒரு பெண்ணின் பேர் கெடுவதா? வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் ரமீரோவைக் கூப்பிட்டான். அவள் தன் மனைவி இல்லை என்றும், வார்த்தை தெரியாமல் தான்தான் உளறிவிட்டதாகவும் ஸ்பானிஷில் பிசகில்லாமல் சொல்லி, அதையே தமிழிலும் சொன்னான். யாரோ சிரித்தார்கள். அவன் தலை குனியவில்லை.

“இப்பச் சரியா?” என்றான் அவளிடம்.

“இலக்கணம் சரிதான்...”

“பெறகென்ன?”

“சொன்ன சேதிதான் எனக்குப் பிடிக்கலே.”

அவன் ஓரெட்டு முன்னால் வந்தான்.

“எனக்கு மட்டும் பிடிச்சுதாக்கும்? அன்னைக்கு மழையில உங்களப் பாத்ததுலருந்து... எனக்கு நீங்கதான்னு மனசு முடிவு பண்ணிருச்சு.”

அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள்.

“எங்க அய்யா சாயந்தரம் வீட்டுலதான் இருப்பாக. வந்து தமிழ்லயே சொல்லுங்க.”