பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் எஸ்டிமேட்

ஞாயிறு, காலை 10.40.

ஆராதனை முடிந்து வந்த ஞானசுந்தரி, கட்டியிருந்த பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் படுக்கையறை பீரோவைத் திறந்தார். மகள் ஆஷ்லியின் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். நெக்லஸைப் பார்த்துத்தான் ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவேன் என்று தையற்காரி சொல்லியிருந்தாள். நகைப்பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நெக்லஸ், சங்கிலி, ஒரு ஜோடி ஜிமிக்கி. ஒன்பது பவுன். எல்லாம் மாமியார் விட்டுப்போனவை.

காலை 11.30. சப் இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா ஒரு கான்ஸ்டபிளுடன் மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் இருந்த அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பீரோவின் பூட்டு உடைக்கப்படவில்லை. அதன் சாவி எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நகையைக் கடைசியாகப் பார்த்தது வெள்ளிக்கிழமை மாலை.

வீட்டில் நான்கு பேர். இயந்திரத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் பார்க்கும் ஜெயகரன், அவர் மனைவி ஞானசுந்தரி, ஆஷ்லி, ஜெயகரனின் தம்பி சைலஸ். காலையில் மூன்று பேர் சபைக்குப் போயிருந்தார்கள். சைலஸ் மட்டும் ஒரு நண்பனை ரயிலேற்ற பங்காருபேட்டைக்குப் போனதாகச் சொன்னான். இவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கி, காசு கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவன் பைக்கை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெளியாள் யாராவது வந்தார்களா என்று ஜெசிந்தா கேட்டதற்கு முதலில் பதில் சொன்னவனும் சைலஸ்தான்.

“நேத்து ஏசி சர்வீஸ் பண்ண இன்பராஜ் வந்தான் மேடம். ஒரு மணி நேரம் இந்த ரூம்லதான் இருந்தான்.”

இன்பராஜுக்கு முப்பது வயது. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளின் ஏசிக்கு அவன்தான் மெக்கானிக். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னான். அதற்குள் மூன்று வீடுகளிலிருந்து அவனுக்கு இனி வர வேண்டாம் என்று போன் செய்துவிட்டார்கள்.

செவ்வாய், மாலை 4.00.

ஜெசிந்தா மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனார். ஞானசுந்தரி படுக்கையறையிலேயே படுத்திருந்தார். ஞாயிறு மதியத்திலிருந்து குளிக்க, கைகழுவ மட்டும்தான் எழுந்து போகிறார், அப்போதும் ஆஷ்லியை அறையில் உட்கார வைக்கிறார், சாப்பாடும் அங்கேயே என்று ஜெயகரன் மெல்லச் சொன்னார். பீரோவை விட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை.

ஏசிக்கு நேர் கீழே, கட்டில் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

“இது இன்னா?” என்றார் ஜெசிந்தா.

ஞாயிறு முழுக்க மின்விசிறி போடக்கூடத் தனக்குத் தோன்றவில்லை என்றார் ஞானசுந்தரி. ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஆஷ்லி வந்து ஏசியைப் போட்டாள். அரைமணியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. குளிர்ச்சியும் முன்போல இல்லை. சனிக்கிழமை ராத்திரி போர்வை கேட்கும் அளவுக்குக் குளிர்ந்த ஏசி அது.

இன்பராஜ் சர்வீஸ் செய்தபோது கூட யார் இருந்தது என்று ஜெசிந்தா கேட்டார். தான்தான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றதாக ஞானசுந்தரி சொன்னார். இரண்டு ஃபில்டரையும் கழற்றிக் கழுவி, அவர் கண்முன்னாலேயே மாட்டினான்.

மேஜைமேல் ஒரு எஸ்டிமேட் சீட்டு இருந்தது. சைலஸ் திங்கள் காலையில் அழைத்து வந்த எரிக் என்ற மெக்கானிக் எழுதியது. கேஸ் 3,500. கம்ப்ரஸர் 13,500. கூலி 1,500. மொத்தம் 18,500.

எரிக் ஏசியின் மூடியைத் திறந்து பார்த்தானா? இல்லை. மாடிக்குப் போய் வெளி யூனிட்டைப் பார்த்தானா? அதுவும் இல்லை. கீழே நின்று கையை உயர்த்தி காற்றைத் தொட்டுப் பார்த்தான், எழுதினான், போய்விட்டான்.

“இவ்வளவு செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் மேடம்,” என்றான் வாசலில் நின்ற சைலஸ். “பழசை நாளைக்குக் காலையில நானே கழட்டி எடுத்துக்கினு போயிடறேன். அண்ணிக்கும் தூக்கம் வரும்.”

ஜெசிந்தா தலையசைத்தார். சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாலை 5.00. ஸ்டேஷன்.

போன கோடையில் ஜெசிந்தாவின் வீட்டு ஏசிக்கு இரண்டு தடவை கேஸ் போட்டும் குளிரவில்லை. அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் இருந்தது. பெஞ்சில் இருந்த இன்பராஜைக் கூப்பிட்டு, சீட்டின் படத்தைக் காட்டினார்.

அவன் இரண்டு தடவை படித்தான்.

“உள்ள தண்ணி சொட்டுதுன்னு சொன்னாங்களா?”

“ஆமா.”

“அப்ப கம்ப்ரஸர் நல்லாத்தான் கீது மேடம். அது போச்சுன்னா உள்ள வெறும் காத்துதான் வரும். குளிர்ச்சியே இல்லன்னா தண்ணி எங்கேருந்து வரும்?”

அதன் பிறகு அவனே விவரமாகச் சொன்னான். கேஸ் சமையல் சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குழாயில் ஓட்டை இருந்தால்தான் குறையும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போட்டால் அதுவும் போய்விடும், காசும் போய்விடும். மீட்டர் மாட்டி அளவைக் காட்டாமல் கேஸ் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. குளிர்ச்சி குறைந்தால் முதலில் ஃபில்டர். தண்ணீர் சொட்டினால் அதை வெளியேற்றும் டிரெய்ன் குழாய். இரண்டுக்கும் சர்வீஸ் கூலி அறுநூறு ரூபாய் போதும். வெளி யூனிட் ஓடவில்லை என்றால்கூடப் பல நேரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கெபாசிட்டர் என்ற சின்னப் பாகம்தான் காரணம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் கொடு என்று கேட்க வேண்டும்.

“மூடியைத் திறக்காம எவனும் எஸ்டிமேட் போட மாட்டான் மேடம்,” என்று முடித்தான்.

மாலை 5.40. எரிக் ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்டான்.

சைலஸ் எப்போது கூப்பிட்டான் என்று ஜெசிந்தா கேட்டார். எரிக் போனை எடுத்துப் பார்த்துச் சொன்னான். ஞாயிறு, மாலை நாலு இருபது. ஏசி கெட்டுப்போச்சு, நாளைக்கு வந்து பெரிய செலவாக எழுதிக்கொடு, மூடியைத் திறக்காதே, உனக்கு ஐந்நூறு தருகிறேன் என்றானாம். புது ஏசி வாங்க அண்ணனைச் சம்மதிக்க வைக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்ததாகச் சொல்லிவிட்டு எரிக் தலைகுனிந்தான்.

மாலை 6.30.

ஜெசிந்தா இன்பராஜையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தார். எல்லோரையும் படுக்கையறையில் நிற்கச் சொன்னார். இன்பராஜ் கட்டில்மேல் ஏறியதும் சைலஸ் ஓரடி முன்னால் வந்தான்.

“திறக்காதீங்க மேடம். கேஸ் வெளிய வந்துடும்.”

“மூடிக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்ல,” என்றார் ஜெசிந்தா. “திற, இன்பராஜ்.”

மூடி மேலே எழுந்தது. வலது ஃபில்டர் சரியாக உட்காராமல் புடைத்து நின்றது. அதை இழுத்ததும், பின்னால் ஈரமான ஒரு கைக்குட்டை மூட்டை தெரிந்தது. அதன் ஒரு முனை மூடியின் விளிம்புவரை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வழிய வேண்டிய தண்ணீர் அந்தத் துணி வழியாக அறைக்குள் சொட்டியிருக்கிறது. மூட்டைக்குள் நெக்லஸ், சங்கிலி, ஜிமிக்கி.

ஞானசுந்தரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா நிதானமாகப் பேசினார். சனிக்கிழமை இன்பராஜ் ஃபில்டரை மாட்டும்போது இந்த மூட்டை இல்லை. அதற்கு ஞானசுந்தரியே சாட்சி. அன்று ராத்திரி ஏசியும் நன்றாக ஓடியது. ஆகவே நகை இங்கே வந்தது ஞாயிறு காலையில். அப்போது இன்பராஜ் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

“எடுத்தது நீங்க, சைலஸ். ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் இந்த ஏசி சொட்டிச்சு. அதுவரைக்கும் யாரும் அதைப் போடவே இல்ல. சாயந்திரம் நாலு இருபதுக்கே அது கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

ஜெசிந்தா தொடர்ந்தார். அண்ணி இந்த அறையை விட்டு நகரவில்லை. மூட்டையை எடுக்க வழியில்லை. ஏசியையே மொத்தமாகக் கழற்றிக்கொண்டு போவதுதான் ஒரே வழி. அதற்குத்தான் அந்தச் சீட்டு.

சைலஸ் ஒத்துக்கொண்டான். பங்காருபேட்டைக்குப் போகும் வழியில் பாதியிலேயே திரும்பி வந்தானாம். நகை கையில் இருக்கும்போது தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டதாம். பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே வரத் தைரியமில்லாமல், கைக்குட்டையில் சுற்றி ஏசிக்குள் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினானாம்.

“அம்மா நகைண்ணா. எனக்கு ஒரு மோதிரம்கூட வரல.”

“கேட்டிருக்கலாமேடா,” என்றார் ஜெயகரன்.

“ரெண்டு தடவை கேட்டேன். ஆஷ்லி கல்யாணம் முடியட்டும்னீங்க.”

ஜெயகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி கேட்டது அவருக்கு நினைவிருந்தது. வழக்கு பதிவாகிவிட்டது, இனி கோர்ட்டுதான் முடிவு செய்யும், நகைகளும் கோர்ட் வழியாகத்தான் திரும்பக் கிடைக்கும் என்று ஜெசிந்தா விளக்கினார். கல்யாணத்துக்குள் கிடைக்காமல் போகலாம். ஆஷ்லி அம்மாவின் தோளில் கை வைத்து, வெறுங்கழுத்தோடு நின்றாலும் தனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்றாள்.

புதன், மாலை 4.30.

ஷிப்ட் முடிந்த ஜெயகரன் தன் வீட்டுக்குப் போகாமல் இன்பராஜின் வீட்டுக்குப் போனார். அவனை வர வேண்டாம் என்று சொன்ன மூன்று வீடுகள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். சட்டையை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி, அவன் வண்டியிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் இரண்டு வீடுகளில் அவர் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். திருடியது தன் தம்பி என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாவது வீட்டில் தங்கம்மா என்ற டீச்சர் கதவைத் திறந்தார். ஜெயகரன் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு இன்பராஜைப் பார்த்தார்.

“டூல்ஸ் எடுத்துக்கினு வந்தியாப்பா?”

“வண்டியில கீது டீச்சர்.”

“எங்க ஏசி நாலு நாளா சத்தம் போடுது. பாத்துட்டுப் போ.”

அவர் கதவை விட்டு விலகி நின்றார். இன்பராஜ் டீச்சர் வீட்டு ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான். சிவப்புத் தரையில் அதன் ஒரு கால் சற்று வழுக்கியது. ஜெயகரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் இறங்கும்வரை விடவில்லை.