மாமாவின் சாண் பெரியது

நாளைக்கு வாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். றுக்ஸானாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் காலையிலிருந்து படுக்கையறையையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

தம்புள்ளையில் மரக்கறி மூட்டை இறக்கும்போது லொறியிலிருந்து விழுந்து வாப்பாவின் கால் முறிந்துவிட்டது. இனிக் கொஞ்ச காலம் சக்கர நாற்காலிதான். மாத்தளையில் அவர்களுடைய வீடோ சின்னது. படுக்கையறையில் கட்டிலும் அலுமாரியும் தையல் மெஷினும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவற்றைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும்.

உம்மாவும் ஹுஸ்னி மாமாவும் அலுமாரியை வெளியே தள்ளிப் பார்த்தார்கள். அது வாசலில் சிக்கிக்கொண்டது. திரும்ப இழுப்பதற்குள் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“வாப்பாவத் தூக்கிட்டுத்தான் குளியலறைக்குப் போகணும் போல,” என்றார் உம்மா. “அதுக்கு அவர் ஒத்துக்கவே மாட்டாரு.”

பொம்மை வீடு செய்வதற்காக றுக்ஸானா ஐஸ்கிரீம் குச்சிகள் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அவற்றை எடுத்தாள். ஒரு சாணுக்கு ஒரு குச்சியின் அகலம் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். அறையைச் சாண் போட்டு அளந்து, அட்டையில் கோடு போட்டாள். கட்டில் எட்டுச் சாண் அகலம். எட்டுக் குச்சிகளை நறுக்கி ஒட்டினாள். மரக் கிளிப்புகளைக் கழற்றி அலுமாரியும் தையல் மெஷினும் செய்தாள்.

“உடுப்புக் காயப்போடுற கிளிப்பெல்லாம் எங்க?” என்று உம்மா முற்றத்திலிருந்து கேட்டார்.

“பிறகு சொல்றேன் உம்மா.”

மாமா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். “அந்த நாற்காலி எத்தன சாண் அகலம்னு பாத்துட்டு வாங்க மாமா,” என்றாள் றுக்ஸானா.

மாலையில் மாமா திரும்பி வந்தார். “மூணு சாண்.”

மூன்று குச்சி அகலத்தில் ஒரு நாற்காலி செய்தாள். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே அது சுலபமாகப் போனது. அப்பாடா என்றிருந்தது.

மாமா தேநீர்க் கோப்பையை எடுத்தார். அவர் கைக்குள் கோப்பையே மறைந்துபோனது. றுக்ஸானாவுக்குத் திக்கென்றது.

“மாமா, யார் கையால அளந்தீங்க?”

“என் கையாலதான். வேற யார் கைய கொண்டுபோறது?”

மாமாவை மேசையில் மூன்று சாண் போடச் சொன்னாள். அதையே தன் கையால் அளந்தாள். நான்கு சாண்.

நாற்காலியில் இன்னொரு குச்சி ஒட்டினாள். இப்போது அது இடையில் மாட்டிக்கொண்டது. மெஷினை மூலைக்குத் தள்ளினாள்; அப்போதும் நாற்காலி மாட்டியது. கட்டிலைத் திருப்பினாள்; மெஷின் இடித்தது. வெளியே அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது.

மெஷினை எடுத்து, முன்னறை இருக்கும் பக்கமாக அட்டைக்கு வெளியே வைத்தாள். திருப்பிய கட்டிலை ஜன்னல் ஓரம் தள்ளினாள். நாற்காலி போனது. திரும்பியும் வந்தது.

“அலுமாரியத் தொடவே வேணாம் மாமா. கட்டிலையும் மெஷினையும் மாத்தினா போதும்.”

மாமா இடுப்பைத் தடவிக்கொண்டார். “அலுமாரியத் தொட வேணாம்னியே, அதுவே பெரிய உதவி.”

மறுநாள், கட்டிலும் மெஷினும் இடம் மாறியிருந்த அறைக்குள் வாப்பா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டினார். அலுமாரி அருகே வந்ததும் றுக்ஸானா கண்ணை மூடிக்கொண்டாள். எதுவும் இடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது வாப்பா குளியலறைக்குள் இருந்தார்.

“கதவப் பூட்டிறாதீங்க,” என்றார் உம்மா.

கதவு சாத்திக்கொண்டது. மூவரும் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தமே இல்லை. உம்மா றுக்ஸானாவின் கையை இறுகப் பிடித்தார்.

பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் வெளியதான் நிக்கிறீங்கன்னு தெரியும்,” என்றது வாப்பாவின் குரல். “நின்னது நின்னீங்க, கை கழுவ ஒரு சவர்க்காரம் எடுத்துத் தாங்க.”